சிவப்பு மூடி, ஆரஞ்சு மூடி

போன செவ்வாய்க்கிழமை மதுரை கே.கே. நகரில் ஒரு மருந்துக்கடை வாசலில், முன்பின் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

அவர் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "சுகர் ஊசி ஒரு பத்து குடுங்கண்ணே" என்றார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். அவர் வாங்கிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். எல்லாம் முக்கால் நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"அண்ணே, வீட்ல இருக்கற மருந்து நாப்பதா, நூறா?" என்றேன்.

"எது?"

"இன்சுலின் பாட்டில்ல நம்பர் போட்டிருக்கும். நாப்பதுன்னா சிவப்பு மூடி போட்ட சிரிஞ்சு. நூறுன்னா ஆரஞ்சு மூடி. நீங்க வாங்கியிருக்கறது ஆரஞ்சு."

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"நீங்க டாக்டரா?"

"இல்லண்ணே. ப்ரூஃப் ரீடர்."

வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். ஆனால் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் யாருக்கோ போன் போட்டார். "ஃப்ரிட்ஜ்ல அப்பா மருந்து இருக்கும்ல... அதுல என்ன நம்பர் போட்டிருக்குன்னு பாரு" என்றார். கொஞ்ச நேரம் காதில் போனோடு இருந்தார். பிறகு இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், பொட்டலத்தைக் கடைக்காரரிடம் நீட்டினார்.

சிவப்பு மூடி வாங்கிக்கொண்டு போனார்.

ஊரார் வாங்கும் ஊசியின் மூடி நிறத்தில் எனக்கென்ன இவ்வளவு அக்கறை? சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கமான விஷயங்களை விட்டுவிட்டால் இந்தப் பத்தியில் நான் எதைத்தான் எழுதுவது?

என் மாமனார் பெயர் தங்கராசு. சோழவந்தானில் கொடிக்கால் வைத்திருக்கிறார். வெற்றிலைத் தோட்டத்தை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். எழுபத்தொரு வயது. சர்க்கரை நோய் வெகுகாலமாக உண்டு. ஆறு வருடமாக இன்சுலின். காலையில் இருபது யூனிட், மாலையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மாலைக் கணக்கை விடுங்கள், இந்தக் கதைக்குக் காலைக் கணக்கு போதும். மாமியார் காலமான பிறகும் தனியாகவே இருந்து, தானே சமைத்து, தானே ஊசி போட்டுக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இருந்தவர்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. மதுரையில் ஆபரேஷன். முதலில் வலது கண், சில வாரம் கழித்து இடது கண் என்று ஏற்பாடு. அதுவரை எங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று பூங்கொடி கூட்டி வந்துவிட்டாள். பூங்கொடி என் மனைவி, மாமாவுக்கு ஒரே மகள்.

மாப்பிள்ளை வீட்டில் மாமனார் தங்குவது லேசான காரியம் இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடக் கேட்க மாட்டார். எழுந்து போய்த் தானே எடுத்துக் குடிப்பார். குடித்த டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைப்பார். ஃபேன் போடலாமா என்று அனுமதி கேட்பார். இரண்டு மாதத்துக்கு மேல் எங்கள் வீட்டில் இருந்தவரை ஒரு நாள்கூட நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தூரத்தில் வரும் பஸ்ஸின் போர்டைப் படித்தார். கிட்டத்தில் இருப்பது மட்டும் கலங்கலாகத் தெரிந்தது. அதற்குக் கண்ணாடி பிறகுதான் எழுதித் தருவார்கள். ஆக, சிரிஞ்சில் இருக்கும் பொடிக்கோடுகளை அவரால் பார்க்க முடியாது. யார் ஊசி போடுவது?

பூங்கொடி டீச்சர். ஏழரைக்கு அவளுக்கு ஸ்கூல் பஸ். "நீங்கதான் வீட்ல சும்மா இருக்கீங்க" என்றாள். வீட்டில் உட்கார்ந்து அச்சகத்துக்குப் பிழை திருத்திக் கொடுப்பதற்கும், உங்களுக்காக வாராவாரம் எழுதுவதற்கும் எங்கள் வீட்டில் வைத்திருக்கும் பெயர் அது.

முதல் நாள். பாட்டிலின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி இழுத்தேன். வரவில்லை. பலமாக இழுத்தேன். கொஞ்சம் வந்தது. கையை விட்டதும் பிஸ்டன் தானாக உள்ளே ஓடியது. பாட்டில் என்னோடு கயிறு இழுக்கும் போட்டி நடத்துகிறதா? பிறகுதான் தெரிந்தது. எவ்வளவு மருந்து எடுக்க வேண்டுமோ, அவ்வளவு காற்றை முதலில் உள்ளே தள்ள வேண்டும். தள்ளினால்தான் மருந்து வரும்.

இரண்டாம் நாள் மருந்து வந்தது, கூடவே காற்றுக் குமிழும் வந்தது. சிரிஞ்சைச் செங்குத்தாகப் பிடித்து விரலால் சுண்டினேன். குமிழ் அசையவில்லை. மறுபடி சுண்டினேன். ஒரு பெரிய குமிழ் நான்கு சின்னக் குமிழ்களாகப் பிரிந்தது.

மூன்றாம் நாள் ரப்பரில் கோணலாகக் குத்தியதில் ஊசி வளைந்தது. நான்காம் நாள், இருமல் மருந்து மாதிரி பாட்டிலைக் குலுக்கியதில் உள்ளே நுரை கட்டிவிட்டது. அந்த மருந்து பால் மாதிரி கலங்கலாக இருக்கும். குலுக்கக் கூடாது, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்ட வேண்டும். ஐந்தாம் நாள், ஊசியைக் குத்தி அழுத்தியதும் வெடுக்கென்று உருவிவிட்டேன். மருந்தில் ஒரு சொட்டு வயிற்றின் மேலேயே நின்றது. அழுத்திய பிறகு பத்து எண்ணிவிட்டுத்தான் உருவ வேண்டுமாம்.

மாமா இத்தனையையும் பொறுத்துக்கொண்டார். சட்டையைத் தூக்கிப் பிடித்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "வலிச்சதா மாமா?" என்று கேட்டால், "நீங்க போட்டா வலிக்குமா மாப்ள" என்பார். மாப்பிள்ளையிடம் வேறு என்ன சொல்ல முடியும்?

பத்து நாளில் நான் தேறிவிட்டேன். குமிழ் இல்லை, வளைவு இல்லை, சொட்டு இல்லை. அந்த நேரம் பார்த்து, அவர் ஊரிலிருந்து கொண்டுவந்த சிரிஞ்சுகள் தீர்ந்துபோயின.

நானே போய் வாங்கினேன். சாதாரணமானது வேண்டாம், ரொம்ப மெல்லிசான ஊசியாகக் கொடுங்கள், வலிக்கவே கூடாது என்று கேட்டு, ஒரு பெட்டி நிறைய வாங்கினேன். வீட்டுக்கு வந்து பெட்டியை மேலும் கீழும் படித்தேன். தொழில் புத்தி. ஆங்கிலத்தில் ஒரு வார்த்தையில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது. பூங்கொடியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாரு, இவ்வளவு பெரிய கம்பெனி, ஒரு பிழை திருத்துற ஆள் இல்ல."

அந்தப் பிழைக்குப் பக்கத்திலேயே, அதைவிடப் பெரிய எழுத்தில், 100 என்று போட்டிருந்தது. அதில் பிழை இல்லை. அதனால் என் கண்ணில் படவில்லை.

மறுநாள் காலை புது சிரிஞ்சில் இருபதாவது கோடு வரை மருந்தை இழுத்தேன். மாமா அதை வாங்கிக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மாப்ள, மருந்து கம்மியாத் தெரியுது?"

"இல்ல மாமா, இது புது மாடல். இருபதுலதான் நிக்குது."

"நான் போடயில பாதிக் குழாய் வருமே..."

"இது குழாய் அகலம் மாமா."

ஏன் அப்படிச் சொன்னேன்? குழாயின் அகலத்தை நான் அளந்தா பார்த்தேன்? தெரியாது. மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் சட்டையைத் தூக்கினார்.

இரண்டு வாரம் கழித்து இடது கண்ணுக்காக ரத்தம் பார்த்தார்கள். சர்க்கரை இருநூற்றுத் தொண்ணூறு. இவ்வளவு சர்க்கரையோடு ஆபரேஷன் முடியாது, குறைத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

சர்க்கரை டாக்டரிடம் போனோம். "ஊசி ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டார்.

"நான்தான் சார் போடுறேன்."

"சரியான சிரிஞ்சுதானே?"

"நல்ல சிரிஞ்சு சார். ரொம்ப மெல்லிசு."

"சாப்பாடு?"

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. பூங்கொடியும் சொல்லவில்லை. இருவரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தோம். டாக்டரும் பார்த்தார். மூன்று பேர் பார்த்தால் எந்த மனிதனும் குற்றவாளி மாதிரிதான் இருப்பான்.

இருபது யூனிட் இருபத்தாறு ஆனது. சர்க்கரை இறங்கவில்லை. இருபத்தாறு முப்பத்திரண்டு ஆனது. ம்ஹூம். இடது கண் ஆபரேஷன் இரண்டாம் முறையும் தள்ளிப்போனது. முப்பத்தாறு.

வீட்டில் விசாரணை தொடங்கியது.

"யப்பா, நெசமாச் சொல்லு. என்ன சாப்பிட்ட?"

"இட்லி. நீதான வச்ச."

"அதுக்கு மேல?"

"சட்னி."

"யப்பா, விளையாடாத. இனிப்பு எதும் சாப்பிட்டியா?"

"இல்லத்தா."

"அப்ப எப்படி ஏறுது?"

"எனக்கு எப்படித்தா தெரியும்? நான் சாப்பிடல."

சீனி டப்பா பரணுக்குப் போனது. பிஸ்கட் பாக்கெட்டுகள் பீரோவுக்குள், என் வேட்டிகளுக்கு அடியில் போயின. மாடி வீட்டுக்காரர் புதுமனைப் புகுவிழாவுக்கு ஒரு பெட்டி லட்டு கொடுத்திருந்தார். எட்டு லட்டு. சாயங்காலம் பூங்கொடி திறந்து பார்த்தபோது ஏழு இருந்தது. பெட்டியை மாமாவின் முன்னால் திறந்து வைத்தாள். அவர் லட்டுகளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். "நான் எடுக்கலத்தா" என்றார்.

எட்டாவது லட்டு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். மத்தியானம் காப்பி போடும்போது நான்தான் சாப்பிட்டேன். அதை அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு லட்டுதானே, பெரிய விஷயத்தில் இது எதற்கு என்று நினைத்தேன். உண்மையில் அப்படி நினைத்தேனா, இல்லை, பூங்கொடிக்குப் பயந்தேனா? இரண்டாவதுதான்.

மாமா சாயங்காலம் பக்கத்துப் பூங்காவுக்கு நடக்கப் போவார். ஒரு நாள் நான் பின்தொடர்ந்தேன். ஐம்பது வயதில், மாமனாரை, மரத்துக்கு மரம் ஒளிந்து. அவர் மூன்று சுற்று நடந்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். வரும் வழியில் டீக்கடையில் ஒரு டீ குடித்தார். அவர் போன பிறகு நான் டீக்கடையில் விசாரித்தேன்.

"அந்தப் பெரியவர் டெய்லி என்ன குடிப்பாரு?"

"சீனி இல்லாத டீண்ணே."

"வடை, பன்னு, அது இது?"

"ஒண்ணும் தொடமாட்டாருண்ணே."

இதிலிருந்து நான் என்ன முடிவுக்கு வந்தேன் தெரியுமா? டீக்கடைக்காரரும் கூட்டு.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. மாமா எப்போதும் ஒரு வெற்றிலைப் பை வைத்திருப்பார். துணிப் பை, உள்ளே மூன்று அறை. குளிக்கப் போகும்போது மட்டும்தான் அது அவரைவிட்டுப் பிரிந்திருக்கும். அதில் கற்கண்டு இருக்கலாம், இனிப்புப் பாக்கு இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பாத்ரூமில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பையை எடுத்துப் பிரித்தேன். முதல் அறையில் வெற்றிலை. இரண்டாவதில் கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பா. மூன்றாவதில் மாமியாரின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒன்று, பிளாஸ்டிக் உறையில்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது எனக்குக் கேட்கவில்லை.

"என்ன மாப்ள தேடுறீக?"

கதவருகில் ஈரத் தலையோடு, தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"பேனா மாமா... பேனா எங்கயோ..."

"வெத்தலைப் பையிலயா?"

கையிலிருந்த போட்டோவை எந்த அறையில் வைப்பதென்று தெரியவில்லை. அவரே வந்து வாங்கி, சரியான இடத்தில் வைத்து, பையைச் சுருட்டிக்கொண்டார். சத்தம் போடவில்லை. நீங்கள் என்னை எதற்காவது திட்டுவதாக இருந்தால் சத்தம் போட்டே திட்டிவிடுங்கள். அது எவ்வளவோ தேவலை.

மறுநாள் காலை டிபன் சாப்பிட்டுவிட்டு, "கொடிக்கால்ல வேலை கெடக்குத்தா. போயிட்டு வாரேன்" என்று கிளம்பிவிட்டார். கண்ணாடி எழுதிக் கொடுத்திருந்தார்கள், அதைப் போட்டுக்கொண்டார். மருந்துப் பாட்டிலை ஐஸ் போட்ட பிளாஸ்கில் எடுத்துக்கொண்டார். நான் சிரிஞ்சுப் பெட்டியை நீட்டினேன்.

"அது இருக்கட்டும் மாப்ள. நான் ஊர்ல வாங்கிக்கிறேன்."

பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றுவிட்டார். பூங்கொடி அழுதாள். அழுதுகொண்டே, "கோவப்பட்டுக்கிட்டுப் போறாருன்னா, அப்ப எதோ சாப்பிட்டிருக்காருன்னுதான அர்த்தம்?" என்றாள். அந்த நேரத்தில் அது எனக்கு நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

அடுத்த நாள் காலை பத்தரை மணிக்கு எனக்குப் போன் வந்தது. ஸ்டெல்லா சிஸ்டர். சோழவந்தானில் மாமாவின் எதிர்வீடு. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருப்பவர்.

"அண்ணே, பதறாதீங்க. அப்பாவுக்கு இப்ப பரவால்ல. நீங்க ரெண்டு பேரும் கெளம்பி வாங்க."

பதறாதீர்கள் என்று ஒரு நர்ஸ் சொன்னால் பதறாமல் இருக்க முடியுமா? பூங்கொடியைப் பள்ளிக்கூடத்தில் போய் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். கிளம்பும் அவசரத்தில் டாக்டர் ஃபைல், மாத்திரை, சிரிஞ்சுப் பெட்டி என்று மேஜையில் இருந்த எல்லாவற்றையும் அள்ளி ஒரு பையில் போட்டிருந்தேன். வழியெல்லாம் அவள் என் சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்திருந்தாள். காலர் என் கழுத்தை அறுத்தது. தளர்த்தச் சொல்ல மனம் வரவில்லை.

நடந்தது இதுதான். காலையில் மாமா தன் கையாலேயே ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கொடிக்காலுக்குப் போயிருக்கிறார். ஒன்பதரை மணி வாக்கில் கண்ணை இருட்டி, கை நடுங்கி, எப்படியோ வீடு வரை வந்து வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வேலைக்குக் கிளம்பிய ஸ்டெல்லா சிஸ்டர் பார்த்திருக்கிறார். சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. "என்னப்பா செய்யுது?" என்றால் பதில் இல்லை. "மக பேரு என்ன, சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். யோசித்தாராம். வரவில்லையாம்.

சோதித்துப் பார்த்தால் சர்க்கரை நாற்பத்தெட்டு.

விழுங்கும் அளவுக்கு நினைவு இருந்தது. சிஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீரில் நான்கு ஸ்பூன் சீனியைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்திருக்கிறார். கால் மணி நேரத்தில், "பூங்கொடி" என்றாராம். கேட்ட கேள்விக்குப் பதில்.

இரண்டு மாதத்தில் அவர் சாப்பிட்ட முதல் இனிப்பு அதுதான். அது எனக்கு அப்போது தெரியாது.

நாங்கள் போனபோது கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "ஸ்கூலுக்கு லீவு போட்டியாத்தா?" என்று மகளிடம் கேட்டார். அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

ஸ்டெல்லா சிஸ்டர் என்னை மேஜைப் பக்கம் கூப்பிட்டார்.

"எத்தன யூனிட் போடச் சொல்லிருக்காங்க?"

"முப்பத்தாறு."

"முன்னாடி இருபதுல நல்லா இருந்தாரே. ஏன் இம்புட்டு ஏத்தினாக?"

"சர்க்கரை எறங்கவே இல்ல சிஸ்டர். அவரு..." மாமாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

"மதுரையில எந்தச் சிரிஞ்சுல போட்டீங்க?"

பையிலிருந்து பெட்டியை எடுத்துக் கொடுத்தேன். திறந்தார். ஆரஞ்சு மூடி. மாமா காலையில் போட்டுவிட்டு ஜன்னலில் வைத்திருந்ததை எடுத்தார். சிவப்பு மூடி. மருந்துப் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தார். நாற்பது.

அவர் ஒரு டம்ளரில் தண்ணீர் எடுத்தார். சிவப்பு மூடி சிரிஞ்சில் இருபதாவது கோடு வரை இழுத்தார். பாதிக் குழாய் நிறைந்தது. ஆரஞ்சு மூடி சிரிஞ்சிலும் இருபதாவது கோடு வரை இழுத்தார். அடியில் கொஞ்சூண்டு. ஐந்தில் ஒரு பங்கு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் என் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"ரெண்டுலயும் இருபதுதான் போட்டிருக்கு. ஆனா உங்க சிரிஞ்சு வேற மருந்துக்கு. கெட்டியான மருந்துக்கு. அதுல இருபதுன்னு நீங்க எடுத்தது நெசத்துல எட்டு யூனிட்தான்."

"முப்பத்தாறு?"

"பதினாலு சொச்சம். ரெண்டு மாசமா அப்பாவுக்குத் தேவையானது முழுசாப் போகவே இல்ல. அப்பறம் எப்படி சர்க்கரை எறங்கும்? ஊருக்கு வந்தப்பறம்தான் சரியான சிரிஞ்சு. இன்னைக்குக் காலையில போனது நெசமான முப்பத்தாறு. அதான் விழுந்துட்டாரு."

குழாயின் அகலம் இரண்டிலும் ஒன்றாகத்தான் இருந்தது.

பூங்கொடி தரையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். இரண்டு மாதமாக மருந்துப் பாட்டில் சீக்கிரம் தீராதது எனக்கு ஞாபகம் வந்தது. ஒரு சொட்டு வீணாகாமல் எடுக்கிறேன், அதனால்தான் என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

"மாமா" என்றேன். "தப்பு என்மேலதான். அன்னைக்கே கேட்டீங்க, மருந்து கம்மியா இருக்கேன்னு. நான்தான்..."

"ஊசி மாறுறது ஒரு விசயமா மாப்ள?" என்றார். குரலில் இன்னும் களைப்பு இருந்தது. "எனக்கும்தான் கொடிக்கால்ல மருந்தடிக்கையில டப்பா மாறிருக்கு. அது மனுசனுக்கு வர்றதுதான்."

வெற்றிலைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் சாப்பிடலன்னு எத்தன தடவ சொன்னேன்? ஊசி தப்பா இருக்குமோன்னு ஒருத்தருக்கும் தோணல. மருந்து தப்பா இருக்குமோன்னு தோணல. தங்கராசு பொய் சொல்றான்னு மட்டும் எல்லாருக்கும் ஒடனே தோணிருச்சு. டீக்கடை வரைக்கும் போய் விசாரிச்சிருக்கீக."

"டீக்கடை... அது உங்களுக்கு எப்படி..."

"மறுநாளே கடைக்காரரு சொல்லிட்டாரு. 'உங்க மருமகன் மரத்துக்குப் பின்னாடி நின்னுட்டு, உங்களப் பத்தி விசாரிச்சாரு பெரியவரே, அவருக்கு உடம்புக்கு எதும் முடியலயா'ன்னு கேட்டாரு."

ஸ்டெல்லா சிஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் அந்த இடத்திலேயே லட்டு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். எதற்கு மிச்சம் வைப்பது?

மாமா ஒன்றும் சொல்லவில்லை. பூங்கொடிதான் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னோம். நன்றாகத் திட்டினார். மருந்தை மறுபடி இருபதுக்குக் கொண்டுவந்தார். இரண்டு வாரத்தில் சர்க்கரை பழையபடி அடங்கியது. ஆனால் இடது கண்ணுக்கு மதுரைக்கு வர மாமா சம்மதிக்கவில்லை. ஒரு கண்ணே போதும் என்றார். பூங்கொடி ஊருக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். "நீ வரலன்னா நான் லீவு போட்டு இங்கயேதான் இருப்பேன்" என்றாள். இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள், "பிள்ளைக படிப்பு கெட்டுப்போகும்த்தா" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எங்களுக்காக வரவில்லை. ஏழாம் வகுப்பு பி பிரிவுக்காக வந்தார்.

இந்தக் கதையை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று உறுத்துகிறது. எந்திரம், கருவி, அச்சடித்த எண் என்று எல்லாவற்றையும் நாம் அப்படியே நம்புகிறோம். மெஷின் இருநூற்றுத் தொண்ணூறு என்று சொன்னால் சரி. சிரிஞ்சு இருபது என்று சொன்னால் சரி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதர், பல வருடம் பழகியவர், "நான் சாப்பிடல" என்று சொன்னால் மட்டும் ஆதாரம் கேட்கிறோம். இத்தனைக்கும் அந்த மெஷின் சொன்னதும் உண்மை, அவர் சொன்னதும் உண்மை. பொய் சொன்னது நடுவில் நின்ற நான்தான், குழாய் அகலம் என்று.

உங்கள் வீட்டில் இன்சுலின் போடுபவர் இருந்தால், இதைப் படித்து முடித்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து பாட்டிலைப் பாருங்கள். அதில் இருக்கும் எண்ணும் சிரிஞ்சில் இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லை என்றால் நீங்களாகக் கணக்குப் போடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள். பார்க்க நான்கு வினாடி ஆகும். எனக்கு இரண்டு மாதம் ஆனது.

இடது கண்ணும் நல்லபடியாக முடிந்தது. மாமா இப்போது சொட்டு மருந்து போடும் காலம் முடியும்வரை எங்களோடு இருக்கிறார். நாற்காலியில் கொஞ்சம் சாய்ந்துகூட உட்காருகிறார். நாங்கள் திருந்திவிட்டோம். சாப்பாட்டைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வி கிடையாது. ஊசியைத்தான் கேள்வி கேட்கிறோம்.

போன மாதம் ஒரு நாள் சர்க்கரை இருநூற்று நாற்பது காட்டியது. நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. சிரிஞ்சைப் பார்த்தேன், சிவப்பு மூடி. பாட்டிலைப் பார்த்தேன், நாற்பது. ஊசி அடைத்திருக்கிறதா, இல்லை. மருந்து காலாவதியா, இல்லை. பரிசோதனை ஸ்ட்ரிப்பில் ஈரம் பட்டுவிட்டதோ என்று புது டப்பா வாங்கினேன். ஃப்ரிட்ஜுக்குள் குளிர் சரியில்லையோ என்று பூங்கொடி மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் ஃப்ரிட்ஜை முன்னால் இழுத்துப் போட்டு, பின்பக்கம் கழற்றிக்கொண்டிருந்தார். நான் டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன்.

மாமா வெற்றிலையை மென்றபடி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

"மாப்ள... நேத்து பூங்காவுல ஒருத்தரு பேத்திக்குப் பொறந்தநாளுன்னு ஜிலேபி குடுத்தாரு. ரெண்டு சாப்பிட்டேன்."

நான் டார்ச்சை அணைத்தேன்.

"முதல்லயே சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"கேட்டிருந்தா சொல்லிருப்பேனே."